கோட்டைச்சாமி வேட்டி

மேற்றிசை மலைகளின் தோள்மேல் கார்முகில் கவிந்து கிடக்க, முல்லையாறு கரைநிறையப் பெருகி வயல்தோறும் நீரைப் பகிர்ந்தளிக்க, ஐப்பசித் திருநாளுக்கு முந்தைய அந்திப்பொழுதில், கம்பத்தின் கடைத்தெரு மணக்கோலம் பூண்ட மங்கையெனப் பொலிந்தது. மலைத்தோட்டங்களினின்று இறங்கிய உழைப்பாளரும், சிற்றூர்களிலிருந்து வண்டி பூட்டி வந்த உழவரும் வெள்ளமெனத் திரண்டு, துணிவணிகர் தங்கபாண்டியின் கடைவாயிலில் தேங்கி நின்றனர். அங்கேதான், உயர்ந்ததோர் இருக்கையில், காமயகவுண்டன்பட்டிக் கோட்டைச்சாமி மாலையும் கழுத்துமாய் அமர்ந்திருந்தார்.

அவர் யாரென வினவுவீராயின், அயல்நாட்டுத் துணி விற்ற கடைகளை மறித்து நின்று, தடியடியில் கைமுறிந்து, சிறைபுகுந்து மீண்ட உழவர். அவர் சிறையிலிருந்த நாளில் நச்சுக்காய்ச்சலில் வீழ்ந்த மனைவி சங்கிலியம்மாளைத் தம் வீட்டிற் கிடத்தி, மருத்துவம் பார்த்து உயிர்மீட்டவர் தங்கபாண்டி. ஆதலின், "நம்ம ஊரு நெசவாளிக நெஞ்ச வேட்டிதான், தம்பி. ஒங்க படத்த ஒட்டித் தீவாளிக்கு வித்தா நாலு தறி ஓடும்" என்று அவர் கேட்டபோது, கோட்டைச்சாமி உள்ளங்குளிர்ந்து இசைந்தார்.

அன்று அந்தியிலோ, ஈரக்காற்றில் வேட்டியொன்றில் ஒட்டிய அவர் படத்தாள் நெகிழ்ந்து கழல, அதன்கீழ் அயல்நாட்டு ஆலையின் அச்சுக்குறி நீலமாய்த் தெரிந்தது. நெருப்பை மிதித்தவர்போல் எழப்போன அவர் தோளை, பின்னே நின்ற மனைவியின் கை அழுத்தியது.

"நானும் பாத்துட்டேன். நான் உசுரோட நிக்கிறது அவுகளாலதான். இங்கன வச்சு அவுக முகத்தக் கெடுத்துறாதீக" என்றாள் அவள், தணிந்த குரலில்.

கண்ணியில் அகப்பட்ட பறவையென அவர் அமர்ந்தார். வந்தவர்கள் கால்தொட்டு வணங்கினர்; கைக்குழந்தைகளை மடியில் கிடத்தி வாழ்த்துக் கேட்டனர். ஒவ்வொரு வணக்கமும் மார்பில் ஓர் அடியாய் இறங்கியது. அப்போது முருகம்மாள் வந்தாள். மறியலில் அவரருகே நின்று அடிபட்டு மாண்ட அழகுமலையின் தாய் அவள். மகனுக்குப் படைக்கப் புதுவேட்டி எடுக்க வந்தவள்.

"கோட்டைச்சாமி, இது நம்ம தறியில நெஞ்சதுதானய்யா?"

தோளிலிருந்த கை மேலும் கனத்தது. எனினும் அவர் எழுந்தார்.

"இல்ல ஆத்தா, சீமைத்துணி. என் படத்த ஒட்டி விக்கிறாக. யாரும் வாங்காதீக" என்று தெருவெல்லாம் கேட்கச் சொன்னார்.

தங்கபாண்டியோ முகம் வாடாமல் நகைத்து, "தன் பேரச் சொல்லி விக்கிறதுக்குக் கூச்சப்படுறாக. எம்புட்டுப் பணிவு பாத்தீகளா" என்றார்.

"எங்கன நெஞ்சதா இருந்தா என்ன, அண்ணன் படம் இருக்குல்ல. எனக்கு ரெண்டு குடுங்க" என்றான் ஓர் உழவன். வாழ்த்தொலி எழுந்தது; அதுவரை வாங்காதிருந்தோரும் கைநீட்டினர்.

முருகம்மாள் மட்டும் அவர் கண்களைப் பார்த்து உண்மையை உணர்ந்தாள். வேட்டியை வைத்துவிட்டு, "அப்ப என் மகன் எதுக்குய்யா செத்தான்?" என்றாள். வெறுங்கையோடு கூட்டத்தை விலக்கி நடந்தவளைப் பின்தொடர அவரும் இறங்கினார். அன்பர்கள் அவரை அள்ளியெடுத்து மீண்டும் இருக்கையில் அமர்த்தி, இன்னொரு மாலை சூட்டினர்.

சிறைக்கதவு என்றோ ஒருநாள் திறக்குமென்று அவர் அறிந்திருந்தார். தம்மைப் போற்றியே தம் சொல்லைக் கேளாத மக்களின் அன்பிலிருந்து வெளியேறும் வழியை, அன்று மட்டுமன்று, பின்னர் வாழ்ந்த நாளெல்லாம் தேடியும் அவர் கண்டாரில்லை.