பதினோரு அரைப்பட்டைகள்

பத்து நாள் கண்வலிக்குப் பிறகு அலங்கார மீன் பண்ணைக்கு வந்த அன்று காலை, தங்கை மூன்றாம் தொட்டிக்கு மேலே கையைக் கொண்டுபோனாள். மீன்கள் சிதறி ஓடின.

கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். மறுபடி நீட்டினாள். மறுபடியும் ஓடிப்போய், அடியில் கிடந்த குழாய்த் துண்டுகளுக்குள் புகுந்துகொண்டன.

இப்படி நடக்க வழியே இல்லை. அவை அவளுடைய கையைப் பார்த்து வளர்ந்த கோமாளி மீன்கள். கவிழ்த்துவைத்த மண்சட்டியில் தாய்மீன் முட்டை ஒட்டிய நாளிலிருந்து அவள்தான் பார்த்துக்கொண்டாள். பொரிந்த குஞ்சுகளுக்கு நாளுக்கு ஐந்து வேளை தீனி. மூன்று மாதத்தில் எண்பத்து நான்கு மிஞ்சின. ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். மூடியைத் திறந்தாலே முண்டியடித்துக்கொண்டு மேலே வரும். விரலைக் கடித்து இழுக்கும். "உன் பிள்ளைங்க உன்னை மாதிரி இல்லடி, வெக்கங்கறதே கிடையாது" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

"அக்கா, இதுங்க ஏன் என்னைப் பாத்துப் பயப்படுது?"

அக்கா தொட்டித் தொழிலில் பத்து வருஷம் பழகியவள். வாடகைக் கட்டடத்தில் ஒற்றை ஆளாக இந்தப் பண்ணையை ஆரம்பித்தவள். தீனி டப்பாவைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "பத்து நாள் உன்னைப் பாக்கலல்ல. மறந்திருக்கும்."

"பத்து நாள்ல மறக்குமா?"

"மனுஷங்களே மறந்துடறாங்க. மீனுக்கு என்ன?"

தங்கை எண்ணிப் பார்த்தாள். அறுபதுதான் இருந்தன.

"மீதி இருபத்து நாலு எங்கக்கா?"

"வழக்கமா நம்மகிட்ட வாங்கற கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு. கண்ணுக்கு மருந்து போட்டியா? இன்னும் செவந்துதான் இருக்கு."

போட்டிருந்தாள். கண் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அதனால் முதல் நாள் மேற்கொண்டு துருவவில்லை.

வெள்ளிக்கிழமை பல் டாக்டர் வருகிறார். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் சுவர் நீளத்துக்குத் தொட்டி கட்டியிருக்கிறார். கடலில் பிடித்த மீன் ஒன்றுகூட அதில் நீந்தக் கூடாதென்று அவருடைய மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அதற்காகத்தான் இந்தப் பண்ணைக்கு வந்தார். இங்கிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு அட்டை போகும். "இம்மீன்கள் எங்கள் தொட்டியில் பிறந்து வளர்ந்தவை" என்ற வரிக்குக் கீழே வளர்த்தவர் கையெழுத்து. இதுவரை எல்லா அட்டையிலும் அக்காதான் கையெழுத்துப் போட்டிருந்தாள். இந்த முறை தங்கையின் முறை. அவள் பெயர் போட்டு வெளியே போகும் முதல் பெட்டி.

மறுநாள் தீனி போட்டுப் பார்த்தாள். உருண்டைத் தீனியைச் சில மீன்கள் வாயில் வாங்கின. உடனே துப்பின. பல மீன்கள் அதைச் சாப்பாடென்றே மதிக்கவில்லை. பிறந்தது முதல் அதையே தின்றவை, இன்று அது என்னவென்று தெரியாத மாதிரி நடந்துகொண்டன.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

தொட்டியில் பிறக்கும் கோமாளி மீன்களில் சிலவற்றுக்குப் பட்டை சரியாக விழாது. பாதியில் நின்றுபோகும், அல்லது ஒரு பக்கம் மட்டும் இருக்கும். கடலில் அப்படிப் பார்ப்பது அபூர்வம். அவளுடைய எண்பத்து நான்கில் பதினொன்று அப்படி. ஒவ்வொன்றையும் நோட்டில் வரைந்திருந்தாள். வண்ணம் அடித்தவன் பாதியில் எழுந்து போனதுபோல் நடுப்பட்டை அறுந்து நின்ற ஒன்றுக்கு 'அவசரம்' என்று பேர்கூட வைத்திருந்தாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். அறுபது மீன்களுக்கும் மூன்று பட்டை, முழுப் பட்டை. ஒரு குறை இல்லை.

"அக்கா, அரைப்பட்டை ஒண்ணுகூட இல்லையே?"

"அதைத்தான் கடைக்காரர் பொறுக்கி எடுத்தாரு."

"போன தடவை 'பெயின்ட் போன மீனு'ன்னு திருப்பிக் குடுத்தவரா?"

"இந்தத் தடவை கேட்டாருடி. உனக்குக் கண்ணுல வலியா, மூளையில வலியா? போய் அடுத்த தொட்டியைத் துடை."

தங்கை துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. பண்ணைக்குச் சாவி வைத்திருப்பவர்கள் மூன்று பேர். அவள், அக்கா, கடல் தண்ணீர் கொண்டுவரும் டைவர். செவ்வாயும் வியாழனும் வண்டியில் டிரம்களை ஏற்றி வருவார். தண்ணீர் சுமப்பது உபதொழில்தான். முங்கி மீன் பிடித்துக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் அவருடைய சொந்தத் தொழில். தொட்டியில் பிறந்த மீன் என்றால் கடைகளில் தனி மவுசு. அட்டை இருந்தால் எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். சீக்கிரம் சாகாது. தன் வலையில் விழுந்ததை இங்கே கொட்டிவிட்டு, இங்கே இருந்ததை அள்ளிக்கொண்டு போக அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சாமான் அறையில் தெர்மோகோல் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. அவர்களுடைய பெட்டிகளில் பண்ணையின் பெயர் இருக்கும். இதில் இல்லை. அடியில் மணலும், ஒடிந்த பவளத் துண்டு ஒன்றும் கிடந்தன. பண்ணையில் எந்தத் தொட்டியிலும் மணல் கிடையாது.

அன்று முழுதும் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஆதாரம் கையில் இருக்கட்டும், கையும் களவுமாகப் பிடித்துக் காட்டலாம் என்று நினைத்தாள். அக்கா டைவரை நம்புகிறவள். அதுதான் ஆபத்து என்றும் நினைத்தாள்.

வியாழக்கிழமை காலை டைவர் டிரம்மில் குழாயைப் போட்டுத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார். தங்கை பக்கத்தில் போய் நின்றாள். மூன்று தடவை தொண்டையைச் செருமினாள்.

"என்ன பாப்பா, கண்ணுலேர்ந்து தொண்டைக்கு எறங்கிடுச்சா?"

"அண்ணே, என் மீனையெல்லாம் எங்க வித்தீங்க?"

டைவர் குழாயை மூடினார். "நீ பேசவே மாட்டேன்னு நெனச்சேன். வாயைத் தொறந்ததும் திருடன்னுட்ட."

"அந்தப் பெட்டி உங்களோடதுதான். அடியில பவளம் கிடக்கு. தொட்டியில இருக்கிறது கடல் மீன்."

"பெட்டி என்னோடதுதான். மீனும் நான் புடிச்சதுதான்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே அவளை உறுத்தியது. "ஆனா இங்கேர்ந்து நான் ஒண்ணும் எடுத்துட்டுப் போகல பாப்பா. கொண்டாந்து குடுத்தேன். கேட்டாங்க, குடுத்தேன்."

"யாரு கேட்டா?"

டைவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். கதவருகே அக்கா, கையில் ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க போங்க அண்ணே" என்றாள் அக்கா.

"இரு அக்கா, ஒண்ணு கேட்டுக்கறேன்." தங்கை மறுபடி டைவர் பக்கம் திரும்பினாள். "மயக்க மருந்து அடிச்சுப் புடிச்சதா?"

இப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. "மருந்தா? மருந்து அடிச்சாப் பவளம் வெளுத்துப்போயிடும். அப்புறம் நான் நாளைக்கு எங்க போய் முங்கறது, உங்க தொட்டியிலயா? கை வலைதான். ஒவ்வொரு பூவுலயும் தாய் தகப்பனை விட்டுட்டுக் குஞ்சை மட்டும்தான் எடுத்தேன்."

பூ என்று அவர் சொன்னது கடற்சாமந்தியை. பூப்போல விரியும் அந்த உயிரின் கைகளுக்குள்தான் இந்த மீன்கள் குடியிருக்கும்.

"அது அதுங்களோட குஞ்சு இல்லண்ணே. எங்கேர்ந்தோ மிதந்து வந்து சேர்றது. பெருசு செத்தா அந்த இடத்துக்கு வரணும்னு வரிசையில நிக்கறது. நீங்க வரிசையையே எடுத்துட்டீங்க."

"சரி தாயே, நீ படிச்சவ." டைவர் டிரம்மை உருட்டினார். "நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். சட்டியில முட்டை வைக்குதே ஒரு ஜோடி, அது எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்து குதிச்சுச்சா? அதையும் நான்தான் புடிச்சுக் குடுத்தேன். அப்ப யாரும் என்னை இப்படி நிக்கவச்சுக் கேக்கல."

டைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ படுத்த நாலாம் நாள். வடிகட்டியைக் கழுவறதுக்கு மூணாம் தொட்டி மோட்டாரை நிறுத்தினேன். போன் வந்துச்சு. பேசிட்டே வெளிய போனேன். அப்படியே பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் காலையில வந்து பாத்தா..." துணியை முறுக்கினாள். "எல்லாம் மேல மிதக்குது. ஒண்ணுகூடத் தப்பல."

"அவசரம்?"

"எல்லாம்னு சொல்றேன்ல."

தங்கை தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செத்ததைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், அக்காவை நாலு வார்த்தை திட்டியிருப்பாள், அவ்வளவுதான்.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிட்டுக் கெடந்த. தெனம் போன் பண்ணி 'என் பிள்ளைங்க சாப்பிட்டுச்சா'ன்னு கேட்ட. சாப்பிட்டுச்சுன்னு முதல் நாள் வாயில வந்துடுச்சு. அப்புறம் அதையே சொல்லவேண்டியதாப் போச்சு."

"கடைக்காரர்?"

"வரல. அண்ணனால அறுபதுதான் புடிக்க முடிஞ்சுது."

அது உண்மையென்று பட்டது. ஆனால் 'கடைக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரு' என்பதும் அன்று உண்மையாகத்தான் பட்டிருந்தது.

"அட்டையில நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"டாக்டருக்கு என்னடி தெரியப்போவுது? கோமாளி மீன் கோமாளி மீன்தான். கடல்லேர்ந்து எடுத்தாச்சு, இனிமே திருப்பி விடவும் முடியாது. நம்ம தண்ணியில இருக்கிற நோயைக் கொண்டுபோய் அங்க பரப்பும்னு நீயேதான் பாடம் எடுத்த. அப்போ இதுங்க யார் வீட்டுலயாவது வாழட்டுமே. அந்த ஒத்த வரிக்காகப் பண்ணையையே இழுத்து மூடணுமா?"

அக்கா சொன்னதில் பாதி நியாயம். அந்தப் பாதிதான் தங்கையைத் தூங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். அக்கா அதற்குள் இருபது மீன்களைப் பைகளில் போட்டுக் காற்றடைத்துக் கட்டி, பெட்டியில் அடுக்கியிருந்தாள். அட்டை மேலே இருந்தது. பக்கத்தில் பேனா.

"வளர்த்தவங்க நீங்கதானா?" டாக்டர் தங்கையைப் பார்த்துச் சிரித்தார். "என் பொண்ணு உங்களை நேர்ல பாக்கணும்னா. ஸ்கூல் இருந்துச்சு, தப்பிச்சீங்க. நூறு கேள்வி கேப்பா."

அக்கா பேனாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

தங்கை பேனாவை எடுத்தாள். அட்டையைப் பார்த்தாள். பேனாவைத் திரும்ப வைத்தாள். கூட்டத்தில் பேசச்சொன்னால் கழிவறைக்கு ஓடும் பெண் அவள்.

"சார், இது நான் வளர்த்தது இல்ல. நான் வளர்த்ததெல்லாம் செத்துப்போச்சு. இது போன வாரம் கடல்ல புடிச்சது."



டாக்டர் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

"நான் எடுத்துட்டுப் போகலேன்னா இதுங்க என்ன ஆகும்?"

"இங்கயே இருக்கும் சார். தீனி சாப்பிடப் பழக்கணும். சிலது பழகும். சிலது சாகும்."

"எடுத்துட்டுப் போனா?"

"அங்கயும் அப்படித்தான். ஆனா செத்ததுக்குப் பதிலா நீங்க மறுபடி மீன் கேப்பீங்க. மறுபடி யாராவது முங்கணும்."

அவர் பைகளுக்குள் நின்ற மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்டுல போய் இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். பெட்டியைத் தொடவில்லை. திரும்பிக் கூப்பிடுவதாகவும் சொல்லவில்லை. கதவை மட்டும் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அக்கா கத்துவாள் என்று தங்கை காத்திருந்தாள். அவள் கத்தவில்லை. கத்தரிக்கோலை எடுத்துப் பைகளின் முடிச்சை வெட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பையிலும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தாள். அந்தக் கைகளின் நிதானத்தைப் பார்த்துத்தான் தங்கை எல்லாமே கற்றுக்கொண்டது.

"நாலு வருஷமா ஒவ்வொரு வாடிக்கைக்காரராச் சேத்தேன்" என்றாள் அக்கா, பையைப் பார்த்தபடி. "டாக்டர் ஊரெல்லாம் சொல்லுவாரு."

"அக்கா."

"என்ன?"

"இதுதான் முதல் தடவையா?"

அக்காவின் கை நின்றது. "சத்தியமா முதல் தடவைடி."

தங்கை அவள் முகத்தைப் பார்த்தாள். எதையோ தேடிப் பார்ப்பது தனக்கே தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. கழுத்து வரை சிவந்துபோனாள். அது அவமானமா, கோபமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை.

"நம்பலேன்னா அங்க இருக்கு" என்றாள் அக்கா. சுவர் அலமாரியில் பழைய பெட்டிகளின் கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அட்டையின் நகல், அனுப்பிய அன்று எடுத்த மீன்களின் படங்கள். "எடுத்துப் பாரு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா அதற்காகத்தான் காத்திருந்தாள். தங்கை ஸ்டூலை நகர்த்தி ஏறி, முதல் கோப்பை இறக்கினாள். தூசியைத் தட்டினாள். முதல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அரைப்பட்டை ஏதாவது தென்படுகிறதா என்று அதில் இருந்த மீன்களின் பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.