மேகத்துக்குக் கீழே முந்நூறு ஹெக்டேர்

பாரா மாநிலத்தில், எங்கள் நகராட்சியின் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் நான் ஜீப் ஓட்டினேன். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் காடு எங்கே வெட்டுப்படுகிறது என்று குறிப்பது சுலெய்ஜியின் வேலை. பிப்ரவரி மழையில் ஒருநாள் மேலதிகாரி ஒஸ்மரினோ அவள் மேசையில் ஒரு தாளை வைத்தார். ஆற்றுக்கு மேற்கே ஒரு பண்ணைக்காரர் மேய்ச்சல் நிலத்துக்கு அனுமதி கேட்டிருந்தார். 'மேகமூட்டம். காட்டில் மாற்றம் தெரியவில்லை' என்று தட்டச்சாகியிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"சாதாரணப் படத்தைத்தான் மேகம் மறைக்கும் சார். ரேடார் அதுக்குள்ள புகுந்து பாத்துடும். முந்நூறு ஹெக்டேர் மொட்டையாக் கெடக்கு."

"ரேடார நான் கேட்டேனா? போடும்மா கையெழுத்த."

"கை வரல சார்."

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் பொதுவிசாரணை. காட்டில் கஸ்தான்யா கொட்டை பொறுக்குகிறவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒஸ்மரினோ அந்தத் தாளைத் தானே வாசித்தார். சுலெய்ஜி எழுந்துபோய்த் திரையில் ரேடார் படத்தைப் போட்டாள். உடனே திரை அணைந்தது.

"கரண்ட் போயிடுச்சு" என்றார் ஒஸ்மரினோ.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேனுக்கு மட்டும் தனி லைனா தலைவரே?" என்று யாரோ கேட்க, கூடமே சிரித்தது.

வெட்டின இடத்தைச் சுலெய்ஜி வாயாலேயே சொன்னாள்: எந்த ஓடை, எந்த வளைவு, எவ்வளவு தூரம். கொட்டை பொறுக்கும் தெயோலிந்தா எழுந்தாள்.

"அங்கதானே எங்க கொட்டை மரங்க நிக்குது?"

"நின்னுச்சு அக்கா."

தெயோலிந்தா என் பக்கம் திரும்பினாள். "ஜீப்ப எடுடா."

எடுத்தேன். பதினோரு பேர் தொற்றிக்கொண்டார்கள். அந்த ஓடை வளைவில் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன; புல்டோசர் இன்னொன்றை முட்டிக்கொண்டிருந்தது. தெயோலிந்தா அதன் முன்னால் சேற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் சுலெய்ஜி. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு இன்ஜினை நிறுத்தினான்.

மாறி மாறி மூன்று நாள் உட்கார்ந்தோம். நான்காம் நாள் செய்தி எட்டித் தலைநகரிலிருந்து ஆய்வாளர்கள் வந்து இயந்திரத்தைப் பறிமுதல் செய்தார்கள். அனுமதி நின்றது. விழுந்த மரம் விழுந்ததுதான்.

என் வேலை போனது. சுலெய்ஜியைக் கல்லறைப் பதிவேடு எழுத மாற்றினார்கள். செயற்கைக்கோள் படங்கள் யாருக்கும் இலவசம் என்பதால் வீட்டிலேயே பார்த்து, வெட்டின இடங்களை அச்செடுத்து, மாதத்துக்கு இரண்டு முறை மீன்சந்தைச் சுவரில் ஒட்டினாள். ஒருநாள் ஒஸ்மரினோ அங்கேயே வந்து மறித்தார்.

"கல்லறை கிளார்க்குக்குக் காட்டுல என்னம்மா வேலை?"

"செத்தத எழுதத்தானே சார் சம்பளம் குடுக்குறீங்க? கொஞ்சம் நகருங்க, பசை காயுது."

அவர் நகர்ந்தார்.