நான்காவது ஆள்

திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களிலும் காலை ஆறு மணிக்கு மோகனசுந்தரம் பாலக்காட்டில் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாக வேண்டும். அதற்காகத் தமிழக எல்லையோரத்து வடகரப்பதியிலிருந்து விடியுமுன்பே வாடகைக் காரில் புறப்படுவார். திரும்புவது பேருந்தில், வழியில் இரண்டு முறையாவது வாந்தி எடுப்பார். நான்கு மாதங்களில் அவர் பாதியாக இளைத்துவிட்டார். மருத்துவமனைக்கு அருகில் ஒரு வீடு கிடைத்தாலன்றி இந்த அலைச்சலை அவர் உடல் நெடுநாள் தாங்காது என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

அவருடைய மகன் ஜெகன் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அவனும் மனைவி நர்மதாவும் நகரில் இரண்டு வீடுகளைப் பார்த்தனர். நோயைப் பற்றி உள்ளபடி சொன்னதும், ஒரு வீட்டுக்காரர் வெள்ளையடிக்கும் வேலை பாக்கி இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தம் மகன் திடீரென்று ஊர் திரும்புவதாகச் சொன்னார். ஆதலால் மூன்றாவது வீட்டில் நோயைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்துகொண்டனர்.

சந்திரநகரில் இருந்த அந்த வீட்டின் மாடிப்பகுதி காலியாக இருந்தது. தரகர் ஜிபி அவர்களை வாசலில் விட்டுவிட்டு வேறொரு அழைப்பில் மூழ்கிவிட்டார். வீட்டின் பெயர்ப்பலகை மலையாளத்தில் இருந்தது. சாவியுடன் வந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மலையாளப் பெண்களைப் போல, பொன்சரிகைக் கரை வைத்த செட்டுமுண்டு உடுத்தியிருந்தார். எல்லைப்புறத்தார் வீட்டில் தமிழும் நகரத்தில் மலையாளமும் பேசுவது வழக்கம். பிறர் அறியாமல் ஏதேனும் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அங்கேயும் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள். நகரத்துத் தமிழர் கல்பாத்தி அக்ரகாரத்துத் தேர்வீதிகளில் மட்டுமே இருப்பர் என்பது ஜெகனின் எண்ணம். எனவே மலையாளத்தில் வணக்கம் சொன்னான். அம்மாளும் மலையாளத்திலேயே பதில் சொல்லி மேலே அழைத்துச் சென்றார்.

படிக்கட்டு வெளிப்புறமாக ஏறியது. கைப்பிடிச் சுவர் இல்லை.

"பதினெட்டுப் படிங்க," என்றாள் நர்மதா, தமிழில். "மாமா எப்படி ஏறுவாரு?"

"நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். தூக்கியே கொண்டாந்தர்லாம்."

"வாரத்துக்கு மூணு வாட்டியா?"

"வேற ஊடு எங்க இருக்குது, சொல்லு? இந்தம்மாகிட்ட மூணே பேருன்னு சொல்லோணும். குடி வந்தப்பறம் அப்பாவக் கூட்டியாந்துட்டா என்ன பண்ணிருவாங்க?"

அம்மாள் சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினார். குழாய் இறுகியிருந்தது, இரு கைகளாலும் பிடித்துத் திருகினார்.

"பாரு, ஆழியார் டேமத் தொறக்கறாப்புல," என்றான் ஜெகன்.

"சும்மா இருங்க. மூஞ்சியப் பாத்தா ஆஸ்பத்திரின்னு சொன்னாலே கதவச் சாத்திப்போடும் போல."

அம்மாளின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனை பேர் குடியிருப்பீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். தானும் மனைவியும் மகள் பவ்யாவும் ஆக மூவர் என்றான் ஜெகன். வயதானவர் யாருமில்லையா என்று அவர் மறுபடி கேட்டார். தந்தை ஊரில் இருக்கிறார், எப்போதாவது வந்துபோவார் என்று அவன் சொன்னான். அவர் தலையசைத்துவிட்டு முன்னே இறங்கினார்.

கீழே வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்தார்: "ஏன்னா! மூணு பேராம். நாலாமத்தவருக்கு மாடி ஏற முடியாதாம். அதனாலே அவரைச் சேத்துக்கலையாம்!"

ஜெகன் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். நர்மதாவின் கை அவன் சட்டையைப் பற்றியது.

உள்ளிருந்து கைத்தடியுடன் வந்த கணவர் அனந்தநாராயணன் இருவரையும் பார்த்தார். "என்ன தர்மாம்பாள், வந்தவாளை நிக்க வெச்சுச் சத்தம் போடறே?"

"நான் சத்தம் போடலை. டேம் தொறந்துட்டு வரேன்."

"அம்மா, நீங்க தமிழுங்களா?" என்றாள் நர்மதா.

"பின்னே? நன்னாப் பேசறேள் ரெண்டு பேரும். என் மூஞ்சியைப் பத்திக்கூட."

"தப்புத்தானுங்க," என்றான் ஜெகன். "அப்பாவுக்கு டயாலிசிஸுங்க. ரெண்டு ஊட்ல உள்ளதச் சொன்னோம், இல்லைன்னுட்டாங்க. அவரால இதுக்கு மேல பஸ்ஸுல அலைய முடியாதுங்க. அதான் மறைச்சிட்டோம்."

தர்மாம்பாள் மாடிப்படியை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, "மாடியை உங்களுக்குக் குடுக்க மாட்டேன்," என்றார்.

"அம்மா—"

"வியாதிக்காரர்ங்கறதுக்காக இல்லை. ஒரு நாளைக்கு அவர் பாதிப் படியிலே மேலேயும் போக முடியாம கீழேயும் வர முடியாம நிப்பார். நான் தினம் இங்கேருந்து அதைப் பாத்துண்டு இருக்கணுமா? கீழ்ப்பாகத்தைத் தரலாம்னா, இவருக்கு முழங்கால் வலி. இவராலேயும் மாடி ஏற முடியாது."

ஜெகன் செருப்பை மாட்டத் திரும்பினான்.

"எங்கே போறேள்? இருங்கோ," என்றார் தர்மாம்பாள்.

பாலக்காடு பெருநகரமன்று. இங்கேயும் ஒருவர் தம் தெருவில் பெயர் தெரியாதவராக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிடலாம். எனினும் ஒரு வீடு காலியாவது அந்த வீட்டுக்காரரின் உறவினருக்கெல்லாம் அதே வாரத்தில் தெரிந்துவிடும். தர்மாம்பாளின் தங்கை மகள் ஜானவிக்கு, மருத்துவமனைக்கு அருகே மணப்புள்ளிக்காவில் தரைத்தளத்தில் ஒரு வீடு உண்டு. குடியிருந்தவர்கள் முந்தைய நாள்தான் போயிருந்தனர். தர்மாம்பாள் கைப்பேசியில் அவளை அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் முதலில் டயாலிசிஸைச் சொன்னார். அதன் பின்னரே ஆட்களைச் சொன்னார். "நாலு பேர். ஆமாம், எண்ணிட்டேன்."

ஜானவி உடனே ஒப்பவில்லை. நோயாளியை நேரில் பார்த்த பிறகே முடிவு சொல்வேன் என்றாள்.

சனிக்கிழமை சிகிச்சை முடிந்ததும் மோகனசுந்தரத்தை ஆட்டோவில் நேரே அங்கே அழைத்துச் சென்றனர். வாசலுக்கு ஒரே படி. உள்ளே நாற்காலி எதுவும் இல்லை. ஜானவி அறைகளைக் காட்டி, தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை எடுக்கும் நாளையும் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் தம் தோள்துண்டைக் கூடத்துத் தரையில் விரித்துப் படுத்துக்கொண்டார். இரண்டே நிமிடங்களில் குறட்டை கேட்டது.

"ஐயோ, எழுப்பறேனுங்க," என்று நர்மதா பதறினாள்.

"வேண்டாம், தூங்கட்டும்," என்றாள் ஜானவி. அதன் பிறகு அவள் சொன்னவற்றையெல்லாம் தாழ்ந்த குரலிலேயே சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து அவள் புறப்பட்டபோதும் அவர் விழிக்கவில்லை. ஜெகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனாள்.