கால்விரலுக்கு ஒரு கயிறு

என் மாமனார் தூங்கும்போது அவரை யாரும் தொடக்கூடாது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றைக்கே எனக்குச் சொன்ன முதல் சட்டம் அதுதான். அடுப்பு எங்கே, உப்பு எங்கே என்பதெல்லாம் அப்புறம். அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவருடைய அறை வாசலில் நிறுத்தி, கதவுநிலையில் தொங்கிய ஒரு கயிற்றைக் காட்டினார். நுனியில் கைப்பிடியாக, நூல் தீர்ந்த ஒரு நூல்கண்டுக் கட்டை. அங்கிருந்து கயிறு ஒரு கொக்கி வழியாகப் போய், படுத்திருந்தவரின் வலது கால் பெருவிரலில் முடிந்தது. விரலில் ஒரு துணி வளையம், அத்தை தைத்தது. அத்தை கயிற்றை மெல்ல ஒரு தடவை இழுத்தார். உள்ளேயிருந்து கால் இரண்டு தடவை பதிலுக்கு இழுத்தது. "அவ்வளவுதான், எழுந்துட்டாரு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இது வீடா, மாட்டுக் கொட்டகையா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் கதை தெரிந்தது. மாமா மீசை அரும்பும் வயதில் பட்டாளத்துக்குப் போனவர். சண்டையைப் பார்த்தவர். பதுங்குகுழியில் ஒருவர் விழித்திருக்க ஒருவர் தூங்குவார்களாம். ஒருநாள் இவர் தூங்கும் முறை வந்தபோது, தோளில் ஒரு கை பட்டது. கூட்டாளி எழுப்புகிறான் என்று கண்ணைத் திறந்தால், அது கூட்டாளியின் கை இல்லை. அதற்கு மேல் என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. இவர் ஊர் திரும்பினார், கூட்டாளி திரும்பவில்லை. கல்யாணமான புதிதில் அத்தை டீ டம்ளரோடு போய், ஆசையாகத் தோளைத் தொட்டு எழுப்பியிருக்கிறார். கண்ணைத் திறப்பதற்கு முன்பே கை வந்துவிட்டது. அத்தையின் தோளில் காறை எலும்பு முறிந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர், அடிபட்டவரைவிடச் சத்தமாக அழுதாராம். கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த அன்றே தனிக் கட்டில், கொக்கி, கயிறு எல்லாம் வந்துவிட்டன. எல்லாம் அவருடைய ஏற்பாடு. அதற்கப்புறம் நாற்பது வருஷமாக, தூங்குகிற புருஷன் மேல் அத்தையின் விரல்கூடப் பட்டதில்லை.

விழித்திருக்கும்போது அப்படி ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. ஊரில் அவருக்குப் பெயர் 'பிரேக்'. பட்டாளத்திலிருந்து வந்து வண்டிப் பட்டறை வைத்தவர், பிரேக் வேலையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். "ஓடாத வண்டியால எவனும் சாகல. நிக்காத வண்டியாலதான் சாகறான்" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும், நகம் வெட்டிக்கொள்ள. முதல் வாரம் எனக்கும் கையை நீட்டச் சொன்னார். மாமனார் மருமகளுக்கு நகம் வெட்டுவதா என்று கூச்சத்தில் நெளிந்தேன். என் அப்பா எனக்கு ஒருநாளும் செய்யாத வேலை அது. கிரீஸ் கறை போகாத அந்தத் தடித்த விரல்கள் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என் சதையைக் கிள்ளியதில்லை. நான் வாய்த்துடுக்காக ஏதாவது சொன்னால் மட்டும், "நாக்கையும் நீட்டு, கொஞ்சம் வெட்டிவிடறேன்" என்பார்.

ஒருநாள் காலையில் விரல் வளையம் நைந்து கிழிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே, புதிதாக ஒன்று தைத்துக் கொடு என்று அத்தையிடம் கேட்டார். அத்தைக்கு இரண்டு தெரு தள்ளித் தையல் கடை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடைத் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. அந்த எரிச்சலா, வேறு என்ன எரிச்சலோ, வெடித்துவிட்டார்.

"உங்களை எழுப்பி எழுப்பியே என் காலம் போச்சு. இனிமே அந்தக் கயித்தை நான் தொடமாட்டேன். நீங்களா எழுந்துக்குங்க."

 மாமா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் கேட்டேன். புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கெதற்கு என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

மதியம் சாப்பிட வந்தவர், கிழிந்த வளையத்தையே முடிச்சுப் போட்டு விரலில் மாட்டிக்கொண்டு வழக்கம்போலப் படுத்தார். கயிற்றைத் தொடமாட்டேன் என்று சூளுரைத்த அத்தை, வழக்கம்போல மூன்று மணிக்கு வாசலில் நின்று இழுத்தார். பதில் இல்லை. இன்னொரு தடவை இழுத்தார். கால் லேசாக அசைந்தது, இழுத்த இழுப்புக்கு. மாமாவின் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. ஐயாவுக்குக் கோபம் என்று அத்தை முடிவுகட்டிவிட்டார். அந்த மனுஷன் கோபப்படுகிற அழகே அதுதான். சத்தம் போடமாட்டார், கயிற்றுக்குப் பதில் சொல்லமாட்டார், கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு படுத்திருந்துவிட்டுத் தானே எழுந்து போவார். சரி, நீ ஒரு முறுக்கு என்றால் நான் ஒரு முறுக்கு என்று அத்தையும் கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். போனதும் சீருடைத் துணிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் வேலையாகப் புது வளையம் தைத்தார். சிவப்புத் துணியில், உறுத்தாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்து.

நான் வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் பட்டறை பூட்டிக் கிடந்தது. கயிற்றை இழுத்தேன், பதில் இல்லை. எனக்கு இந்தச் சட்டதிட்டமெல்லாம் அவ்வளவாக ஒத்துவராது. நேராக உள்ளே போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. தலையணை நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. எவ்வளவு நேரமாக அப்படி விழித்துக்கொண்டு கிடந்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. டாக்டர் என்னையும் என் வீட்டுக்காரரையும் மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசினார். தாக்கியது மதியமே என்றார். அப்போதே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இப்போது பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மருந்துக்கடையில் நிற்கிறவள் நான், எனக்கு அதை டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்று அழுதார். அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்றார். சாயங்காலம்தான் வந்தது என்று அத்தையிடம் சொல்லி வைத்தோம்.

அத்தைக்கோ வேறு கவலை. மனுஷன் தன் மேல் கோபத்தோடு போய்விடுவாரோ என்ற ஒரே நினைப்புதான் அவரைத் தின்றது. சாப்பாடு இறங்கவில்லை. மாமா தூங்கும்போதெல்லாம் கட்டில் கால்மாட்டிலேயே நின்றார். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் அதட்டியும் அசையவில்லை. அத்தனை வருஷப் பழக்கம் ஒரு அதட்டலில் போய்விடுமா?

"கோவத்துலதானே அன்னைக்குப் பதில் இழுக்கல? நீ சொல்லும்மா" என்று என்னைப் போட்டுக் குடைந்தார். கோபம்தான் என்று சொன்னால், அந்த நினைப்பிலேயே காலம் பூராவும் வேகும் அந்த மனசு. கோபம் இல்லை என்று சொன்னால், பின்னே ஏன் இழுக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். வாயாடி என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள், தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று வெளியே நழுவினேன்.

மூன்றாம் நாள் காலை அத்தை பையிலிருந்து கயிற்றை எடுத்தார். நுனியில் அந்தச் சிவப்பு வளையம்.  நர்ஸ் திட்டுவாள், இதெல்லாம் இங்கே வேண்டாம் என்று பிடுங்கப் பார்த்தேன்.

"ஒரே ஒரு தடவை. முழிச்சிருக்கும்போதே கேட்டுடறேன்" என்றார். கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம். அதற்கு மேல் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வலது கால் மரக்கட்டையாகக் கிடந்ததால் இடது பெருவிரலில் வளையத்தை மாட்டினார். மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அத்தை கயிற்றைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்து, வீட்டில் நிற்பதுபோல் அறை வாசலில் போய் நின்றார். அவர் பதில் இழுத்துவிடக்கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். படுக்கையில் கிடக்கிறவருக்கு இப்படியும் ஒருத்தி வேண்டுவாளா? வேண்டினேன், வேறு வழி தெரியவில்லை.

அத்தை இழுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கயிறு ஒரு தடவை வெட்டியது. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவாக, மிகவும் மெதுவாக, இரண்டாவது இழுப்பும் வந்தது.

"கோவம் இல்லடா" என்றார், கட்டில் பக்கத்தில் நின்ற மகனிடம். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். "பாத்தியா, அவருக்கு என் மேல கோவமே இல்ல."

என் வீட்டுக்காரரும் சிரித்து வைத்தார். அத்தை தன் கையிலிருந்த நூல்கண்டுக் கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"அப்போ அன்னைக்கு ஏன் இழுக்கல?"

 மருந்து பாட்டிலை மாற்ற வந்திருந்த நர்ஸ், பாவம், அவளுக்கு என்ன தெரியும், திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"மதியமே அந்தக் காலு போயிடுச்சேம்மா. எப்படி இழுப்பாரு?"

"மதியமேவா" என்றார் அத்தை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த இரண்டு இழுப்பிலேயே களைத்து மாமா தூங்கிப்போயிருந்தார். அத்தை கயிற்றைக் கீழே போட்டார். கட்டிலை நோக்கி நடந்தார். இந்தத் தடவை கால்மாட்டில் நிற்கவில்லை.

"அம்மா, தூங்கறாரு, தொடாதே" என்றார் என் வீட்டுக்காரர், பழக்கதோஷத்தில்.

அத்தை காதில் வாங்கவில்லை. கை நன்றாக இருந்த இடது பக்கமாகப் பார்த்துப் போனார். என்றோ முறிந்து கூடிய தன் தோளை மாமாவின் கைக்கு எட்டும்படி குனிந்து கொடுத்தார். இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தொட்டுட்டேன். அடிங்க" என்றார். "அடிங்க, நான்தான்."

மாமா எழவில்லை. இடது கை போர்வை மேல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவருக்கு நகம் வளர்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அத்தை குனிந்தது குனிந்தபடி, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். முதுகு போய்விடும், உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

சாயங்காலம் அவர் மூச்சு நின்றபோதும் அத்தையின் கைகள் அந்தத் தோளில்தான் இருந்தன. அத்தை கேட்ட அடி வரவே இல்லை.