சக்கரக் கட்டை

சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது நான் செய்த காரியம் இதுதான்: ஆலை யார்டில் நிற்கும் வேகனின் சக்கரத்தடியில் கொடுத்திருந்த கட்டையை உருவி, சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திருட்டுப் புத்தி இல்லை. அதைப் பார்த்து, பொம்மை வேகனுக்கு ஒரு கட்டை செய்யலாம் என்று ஆசை. திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

மாவு ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு அதுதான் வேலை. கோதுமை வேகன் வரும். தள்ளிக்கொண்டுவந்து உள்ளே நிறுத்துவார்கள். நான் தேய்ந்துபோய்ப் பேருக்குப் பிடிக்கும் கைபிரேக்கை முறுக்கி, சக்கரத்தடியில் கட்டையைக் கொடுப்பேன். அந்த இடம் தரை மட்டம்தானே, எதற்குக் கட்டை என்று யாரும் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கட்டை இருந்தது. ஒன்று பிளந்துபோய் கேன்டீன் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்த ஒன்று.

எங்கள் வீட்டின் பின்னறையில் முக்கால்வாசியை ஒரு மேசை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் பொம்மைச் செங்கல்லால் கட்டிய ஊர். கடைத்தெரு, தண்ணீர்த் தொட்டி, ஸ்டேஷன், சுற்றிவரும் ரயில். என் மகள் சின்னவளாக இருந்தபோது பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி வாங்கினேன். அதில் இருந்த புத்தகத்தில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று படம் படமாகப் போட்டிருந்தது. அப்போது எனக்கு எழுத்து தெரியாது, பிறகுதான் மகளிடம் கற்றுக்கொண்டேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் முடித்த முதல் புத்தகம் அதுதான். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மூன்று மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தது எங்கள் ஆலை யார்டு. எதையும் குத்துமதிப்பாகச் செய்ய எனக்குக் கை வராது. யார்டில் தண்டவாளத்தை ஒட்டி நீளமாக ஒரு செங்கல் சுவர் ஓடுகிறது. சுவரில் ஒரு வரிசை செங்கல்லுக்கு மேசையில் ஒரு தகடு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். தகடு என்றால் பொம்மைச் செங்கல்லிலேயே மெல்லியது. மூன்றை அடுக்கினால் ஒரு செங்கல் உயரம் வரும். கேட் பக்கம் தண்டவாளத்துக்கு மேலே பதினோரு வரிசை தெரிந்தது. பாக்கிங் ஷெட் பக்கம் எண்ணினால் பதினைந்து. அதனால் கேட் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் நாலு தகடு கூடுதலாகக் கொடுத்தேன். ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிக்கவில்லை. இருப்பதை அப்படியே வைத்தேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு அதே ஆலையில் பாக்கிங் ஷெட்டில் வேலை.

"லீவு நாள்ல எங்க கிளம்பிட்ட?"

"அவசர ஆர்டராம். எட்டு பேரை வரச் சொல்லியிருக்காங்க. சோறு வெச்சிருக்கேன். உங்க ஊர்க்காரங்களுக்கும் சேர்த்து ஊட்டிவிடுங்க."

"அவங்கல்லாம் சாப்பிட மாட்டாங்க. உன்னை மாதிரி வாயும் பேச மாட்டாங்க."

"அதான் அவங்களோடயே குடும்பம் நடத்துறீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். கட்டை எங்கே இருக்கிறது என்றும் தெரியும். இரண்டும் என் மண்டையில் ஒன்றுசேரவே இல்லை.

பத்து மணிக்கு மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. டைல்ஸ் ஒட்டுகிறவன். இந்தப் பைத்தியம் அவனுக்கும் உண்டு. பொம்மை ரயிலின் மோட்டார், ஒயர் எல்லாம் அவன் பொறுப்பு.

"மாமா, நிஜக் கட்டையையே தூக்கிட்டு வந்துட்டீங்களா? அடுத்த வாரம் வேகனையும் பையில போட்டுக்கிட்டு வந்துருவீங்க போல."

"சரிவு எப்படிச் சீவியிருக்கான்னு பாக்கணும்டா."

பொம்மை வேகனில் பாரத்துக்காக இரும்பு நட்டு நிரப்பி வைத்திருந்தேன். அதன் சக்கரத்தடியில் தற்காலிகமாக ஒரு குட்டிக் கல். புதுக் கட்டை வைக்க வேண்டுமே என்று அந்தக் கல்லை எடுத்தேன். வேகன் அசையவில்லை. மச்சான் மேசைக்கடியில் குனிந்து ஒயரைச் சொருகும்போது அவன் தோள் மேசைக் காலில் இடித்தது.

வேகன் நகர்ந்தது. முதலில் நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சுவரில் ஒரு தூணைத் தாண்டியது. அடுத்த தூணை இன்னும் வேகமாகத் தாண்டியது. நான் கையை நீட்டுவதற்குள் பாக்கிங் ஷெட்டின் சாம்பல் நிறச் சுவரில் போய் மோதியது. சுவர் பெயர்ந்து விழுந்தது. உள்ளே வரிசையாக உட்கார வைத்திருந்த எட்டுப் பொம்மைகள் சிதறின. கடைசியில் உட்கார்ந்திருந்த சிவப்புத் தொப்பிக்காரி மேசையிலிருந்து கீழே போய்விட்டாள்.

மச்சான் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அக்கா அவுட்டு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மேசை சாய்ஞ்சிருக்குடா" என்றேன்.

அவன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் நாலு இடத்தில் வைத்தான். குமிழி நாலு தடவையும் நட்டநடுவில் நின்றது. "மேசை கரெக்டா இருக்கு. தண்டவாளத்துக்குக் கீழ என்ன கொடுத்திருக்கீங்க?"

"நாலு தகடு. சுவர்ல அப்படித்தான் எண்ணினேன். அந்தச் சுவரே கோணலா இருக்குமோ?"

"என்ன மாமா, சுவர் கட்டினவன் மட்டம் பாக்காமலா கட்டியிருப்பான்? வரிசை எல்லாம் ஒரே நேராத்தான் ஓடும். தரைதான் இறங்குது. நாலு வரிசைன்னா கிட்டத்தட்ட ஒரு அடி."

ஒரு அடி. அத்தனை நீளத்தில் ஒரு அடி இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்துக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமும் அந்தக் கட்டை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்டவாளம் முடிகிற இடத்தில் முன்பு ஒரு முட்டுச் சுவர் இருந்தது. ஷெட்டை நீட்டிக் கட்டியபோது அதை இடித்துவிட்டார்கள். இப்போது தண்டவாளத்தின் நுனிக்கும் ஷெட்டின் தகரச் சுவருக்கும் நடுவே இரண்டு எட்டு தூரம்கூட இல்லை. அந்தத் தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் என் மனைவி உட்காருவாள். காற்று வருகிறதாம் அங்கே.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் எல்லார் போனும் பெட்டியில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும். கேட் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவனை எல்லாரும் மீசை என்றுதான் சொல்லுவோம்.

"என்னண்ணே, லீவு நாள்லகூட யார்டு ஞாபகமா? வீட்டுல விரட்டிட்டாங்களா?"

"அந்த வேகன் எப்படி நிக்குது?"

"நாலு காலையும் மடக்கிப் படுத்திருக்கு. வேகன் எப்படிண்ணே நிக்கும்? ஆளுங்க மூட்டை இறக்குறாங்க, திமுதிமுன்னு ஒரே சத்தம்."

"இன்னிக்கு யாரு இறக்கச் சொன்னது?"

"ஆர்டர் அவசரமாம். ஏன், சக்கரத்துக்குக் கட்டை வெச்சீங்கல்ல? அது உங்க வேலைதானே?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கட்டை என் வீட்டில் இருக்கிறது, பொம்மை செய்வதற்காக எடுத்துவந்தேன் என்று எப்படிச் சொல்வது? மேஸ்திரி காதுக்குப் போனால் அடுத்த நாளே வேலை போய்விடும். போதாததற்கு ஊரே சிரிக்கும். "வெச்ச மாதிரிதான் ஞாபகம்" என்றேன்.

"அப்ப வெச்சிருப்பீங்க. விடுங்கண்ணே" என்று வைத்துவிட்டான்.

கட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். மச்சான் பின்னாலேயே வந்து வண்டியைக் கிளப்பினான். என் மடியில் கட்டை. அதன் அடிப்பக்கம் முழுக்க கிரீஸ், சட்டையெல்லாம் கறை. "மெதுவா நகர ஆரம்பிக்கும்டா, யாருக்கும் தெரியாது, சத்தமே வராது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் வண்டியை இன்னும் முறுக்கினான். அவன் முதுகு விறைத்துப்போயிருந்தது. அவனுக்கு அவள் கூடப்பிறந்தவள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

கூட்ஸ் வண்டி. இந்த முனையும் தெரியவில்லை, அந்த முனையும் தெரியவில்லை. ஒவ்வொரு வேகனாக என் கண்ணுக்கு முன்னால் போனது. வேறு நாளாக இருந்தால் நின்று ரசித்து எண்ணியிருப்பேன், எத்தனை சக்கரம், என்ன நிறம் என்று. அன்றைக்கு ஒவ்வொன்றும் தகரச் சுவரைப் பார்த்துப் போவதுபோல இருந்தது.

மச்சான் திரும்பிப் பார்த்தான். "மாமா, மீசைகிட்ட உண்மையைச் சொன்னீங்களா?"

நான் மடியில் இருந்த கட்டையைப் பார்த்தேன்.

"சொல்லலியா! அட என்ன மாமா நீங்க? வேலை போனா என்கூட டைல்ஸ் ஒட்டுங்க. முதல்ல போனைப் போடுங்க!"

அவசரத்தில் இரண்டு தடவை தப்பான நம்பரை அழுத்தினேன். மூன்றாவது தடவை மீசை எடுத்தான். ரயில் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"கட்டை அங்க இல்லடா! என் கையில இருக்கு. நான்தான் நேத்து எடுத்துக்கிட்டு வந்தேன். தரை மட்டம் கிடையாது, ஷெட் பக்கம் இறங்குது. பொம்பளைங்களை வெளிய கூப்பிடு. வேகனை விட்டுரு, முதல்ல அவங்களைக் கூப்பிடு!"

"அண்ணே, என்ன சொல்றீங்க..." பிறகு அவன் குரல் மாறியது. "அண்ணே, இருங்க, அது..."

போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. தூரத்தில் அவன் விசில் ஊதினான். நிறுத்தாமல் ஊதினான். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. ரயிலின் கடைசி வேகன் போய்க் கேட் திறக்கிறவரை போனைக் காதிலேயே அழுத்திக்கொண்டு நின்றேன்.

ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைத்தான் பார்த்தேன். வேகன் அதன் இடத்தில் இல்லை. வேகன் நிற்கும் இடத்துக்கு அடையாளமாக நான் சாக்பீஸால் போட்டிருந்த கோடு வெறும் தண்டவாளத்தில் கிடந்தது. மூட்டை இறக்குகிறவர்கள் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வேகன் ஓடும்போது அதிலிருந்து குதித்ததில் முழங்கால் சிராய்த்திருந்தது. வேகன் ஷெட்டுக்குள் பாதி நுழைந்து நின்றது. தகரம் துணிபோல மடங்கித் தொங்கியது. மாவு புகையாக எழும்பி எதையும் பார்க்க முடியவில்லை.

அங்கேயே நின்றேன். எண்ணினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மாவுப் புகைக்கு இந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லார் தலையும் வெள்ளையாக இருந்தது. நாலு, ஐந்து, ஆறு. ஏழு. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஏழுதான்.

"யாரைத் தேடுறீங்க?"

பின்னாலிருந்து கேட்டாள். கையில் குழாய்த் தண்ணீர் பிடித்த செம்பு. அடிபட்டவர்களுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். தலைத்துணியில் சிவப்பே தெரியவில்லை, அவ்வளவு மாவு. மச்சான் "அக்கா" என்று சொல்லி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அந்த மீசை விசிலை ஊதிக்கிட்டு ஓடிவந்தான். என்னமோ ஏதோன்னு எல்லாரும் எழுந்து ஓடினோம். நான் செருப்பைத் தேடிக்கிட்டிருந்தேன். என் கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனான். வாசலைத் தாண்டறதுக்குள்ள..." செம்பிலிருந்து தண்ணீர் தளும்பிக் கொட்டியது.

அப்புறம்தான் என் கையைப் பார்த்தாள்.

"இது ஏன் உங்க கையில இருக்கு?"

மேஸ்திரி வந்து, கட்டை எங்கே என்று கேட்டபோது அதைத் தரையில் வைத்து, நான்தான் எடுத்துப்போனேன் என்றேன். எதற்கு என்று கேட்டார். அதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எழுதிக் கொடு என்றார். நின்றபடியே எழுதினேன். நாலு வரி. தண்டவாளம் நாலு செங்கல் வரிசை இறக்கம் என்பதையும் முட்டுச் சுவர் இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு சுவருக்குப் போய், விரல் வைத்து, அவரே எண்ணினார். திரும்பிவந்து, தகவல் வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. அவள் முகம்கூடக் கழுவாமல் பின்னறைக்குப் போனாள். மேசையைச் சுற்றிப் பார்த்தாள். பெயர்ந்த சாம்பல் சுவர், உள்ளே போய் நிற்கும் வேகன், சிதறிய பொம்மைகள். நான் எதையும் எடுத்துவைக்காமல் ஓடியிருந்தேன்.

"இதுல நான் எங்க?"

குனிந்து மேசைக்கடியில் தேடினேன். சிவப்புத் தொப்பிக்காரி சுவரோரம் குப்புறக் கிடந்தாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை உள்ளங்கையில் வைத்து, ஒட்டியிருந்த தூசியை ஊதினாள். திரும்ப வாங்கி உட்கார வைக்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். நீங்க முதல்ல முட்டுச் சுவரைக் கட்டுங்க."

கல் டப்பாவை இழுத்து உட்கார்ந்தேன். இரண்டு கல்லை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்த வேண்டும், சின்னக் குழந்தைகூடச் செய்யும். எத்தனை தடவை அழுத்தியும் ஒன்றின் குமிழ் மற்றதன் குழியில் சேரவே இல்லை. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேகன் மேல் ஒரு கையை வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு.