செலீனா கேட்ட தீர்ப்பு

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மன்னார்ப் பக்கம் வங்காலை ஊர் பஸ்ரியன் தன் நண்டு வலையைத் தூக்கப் போனபோது, போட்டுவிட்டு வந்த இருபத்தெட்டுத் துண்டில் பதினொன்றுதான் கடலில் கிடந்தது. மிச்சத்தை அக்கரையிலிருந்து கடல் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்த இழுவைப்படகுகள் வாரிக்கொண்டு போயிருந்தன. அந்தப் படகுகளில் ஒன்றைக் கடற்படை பிடித்ததையும், அதிலிருந்த ஏழு பேரை வவுனியா மறியல் சிறைக்கு அனுப்பியதையும் கேள்விப்பட்டபோது அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

அவன் மனைவி செலீனா ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர். வலை அறுந்த வீடுகளுக்கெல்லாம் நடந்து விபரம் எடுத்தவள் அவள்தான். வழக்கில் சங்கத்தின் சார்பில் சாட்சி சொல்லப்போகிறவளும் அவள்தான். அடுத்த புதன்கிழமை அவள் ஏழு சாரங்களையும் சவர்க்காரக் கட்டிகளையும் ஒரு பையில் அடுக்குவதைக் கண்டு பஸ்ரியன் நின்றுவிட்டான்.

"ஆருக்கு இது?"

"வவுனியாவில இருக்கிற ஏழு பேருக்கும். பிடிபட்ட அண்டைக்குப் போட்ட உடுப்போடதான் இன்னும் இருக்கிறாங்களாம். மறியலுக்குப் போய்வாற பங்குச் சுவாமியார் சொன்னவர்."

"எங்கட வலையை அறுத்தவங்களுக்கோ?"

"ஓம். அறுத்ததைக் கோட்டில நான்தான் சொல்லப்போறன். ஒரு சொல்லும் குறைக்க மாட்டன். இது வேற அலுவல். நீங்களும் வாங்கோ."

அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அவனும் கூடப் போனான். இரண்டு மணித்தியால பஸ் பயணத்தில் அவளுக்கு முன்னால் வேறு இருக்கையில் போய் இருந்தான்.

மறியலில் கம்பிவலைக்கு அந்தப்பக்கம் ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். செலீனா படகைப் பற்றியோ வலையைப் பற்றியோ கேட்கவில்லை. ஒவ்வொருவருடைய பேரையும் கேட்டாள். வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, அந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொப்பியில் எழுதினாள். முனியசாமி என்றொருவர், நாற்பது வயதிருக்கும், மனைவியின் பேரைச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

செலீனா ஒன்பது வயதில் சண்டைக்குப் பயந்து தாயோடு வள்ளம் ஏறி அக்கரைக்கு ஓடியவள் என்பது பஸ்ரியனுக்குத் தெரியும். பதின்மூன்று வருசம் அங்கே அகதி முகாமில் இருந்தாள். கணக்கெடுப்பு நாளில் வரிசையில் நிற்கவேண்டும், அட்டை இலக்கத்தைத்தான் கூப்பிடுவார்கள், பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை என்று கலியாணமான புதிதில் ஒருநாள் சொல்லியிருந்தாள். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இப்போது அவள் ஒவ்வொரு பேரையும் திருப்பிச் சொல்லி, எழுத்துச் சரிதானா என்று கேட்பதைப் பார்த்தபோது அவன் கோபம் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை. வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"சங்கத்தில கேட்டால் என்ன சொல்லப்போறாய்?"

"நடந்ததைச் சொல்லுவன்."

சங்கத் தலைவர் சிங்கராசா வழக்குக்கு முதல்நாளே வந்து சொல்லிவிட்டுப் போனார். "ரெண்டு வருசமாவது உள்ளுக்கப் போடச் சொல்லிக் கேள், பிள்ளை. அப்பதான் மற்றவங்கள் பயப்படுவாங்கள்."

மன்னார் நீதிமன்றத்தில் செலீனா அறுந்த வலைகளின் விபரத்தை வீடு வீடாகச் சொன்னாள். தன் வீட்டையும் சேர்த்தே சொன்னாள். எதிரே கூண்டில் நின்ற ஏழு பேரும் நிமிரவில்லை. முடிவில் நீதவான், சங்கம் எதை எதிர்பார்க்கிறது என்று கேட்டார்.

"ஐயா, இது சங்கத்தின்ர சொல் இல்லை, என்ர சொல். கடல்ல கோடு இருக்கத்தான் வேணும். இல்லாட்டி எங்கட வலை மிஞ்சாது. ஆனா இந்த ஏழு பேரையும் அடைச்சு வைச்சு எனக்கு ஒரு துண்டு வலையும் திரும்பி வராது. படகு இவங்களின்ர இல்லை, முதலாளியின்ர. அவர் இந்தக் கூண்டில ஏறப்போறதில்லை. படகைத் திருப்பிக் குடுத்தால் அது வேற ஏழு பேரோட வரும். படகை விடாதேங்கோ. ஆக்களை விடுங்கோ. நானும் சின்னனில அந்தக் கோட்டைத் தாண்டித்தான் உயிர் தப்பினனான்."

பின் வரிசை வாங்கில் இருந்த சிங்கராசா எழும்பி வெளியே போய்விட்டார்.

தீர்ப்பும் ஏறக்குறைய அப்படித்தான் வந்தது. ஒத்திவைத்த சிறைத்தண்டனை, படகு அரசுடைமை. ஏழு பேரையும் கொழும்புப் பக்கம் குடிவரவுத் தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு விமானத்தில் அனுப்புவார்கள். வாசலில் வாகனத்தில் ஏற்றும்போது முனியசாமி செலீனாவைக் கண்டு நின்றார்.

"அக்கா, இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்னு சொல்லணும்னுதான் நெனைக்கிறேன். ஆனா சொல்ல முடியல. மொதலாளி கூப்பிட்டா போகத்தான் வேண்டியிருக்கும். எனக்கு வேற தொழில் தெரியாது."

"பொய் சொல்லாமல் சொன்னீங்கள். அங்க போய் உங்கட முதலாளியிட்ட என்ர வீட்டு வலையைப் பற்றிச் சொல்லுங்கோ. அதை மட்டும் செய்யுங்கோ."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வாகனம் போனது.

சனிக்கிழமை சங்கக் கூட்டம். செலீனாவைச் செயலாளர் பதவியிலிருந்து எடுக்கவேண்டும் என்று சிங்கராசா சொன்னார். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத பஸ்ரியன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினான்.

"பதினேழு துண்டு வலை போனது எனக்கு. இங்க ஒருத்தருக்கும் அவ்வளவு போகேல்ல. நானும் அவங்களை அடைக்கவேணுமெண்டு நினைச்சவன்தான். மறியலில அவங்களின்ர முகத்தைப் பாத்த பிறகு ஏலாமல் போச்சு. இவள் கோட்டில ஒரு பொய்யும் சொல்லேல்ல. எங்கட நட்டம் முழுக்கச் சொன்னவள். இதுக்குமேல என்ன வேணும் உங்களுக்கு?"

முன்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆனாலும் கை உயர்த்தச் சொன்னபோது நாலு கை வித்தியாசத்தில் செலீனா தோற்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவன் கேட்டான். "கவலையோ?"

"கவலைதான். அந்த வேலை எனக்குப் பிடிச்சது." கொஞ்சத்தூரம் போய்ச் சொன்னாள்: "நீங்கள் எழும்புவீங்கள் எண்டு நான் நினைக்கேல்ல."

அவன் வெட்கப்பட்டுக் கடலைப் பார்த்தான். இவளோடு இத்தனை வருசம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இவளின் உயரம் தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறதே என்று நினைத்தான்.

இழுவைப்படகுகள் பிறகும் வந்தன. அந்த ஒரு படகு மட்டும் வரவில்லை. ஆறு மாதத்தில் நட்டஈட்டுப் பேச்சுக்குக் அரசாங்கக் கடற்றொழில் கந்தோரில் நின்று பேச ஆளில்லாமல் சங்கம் தடுமாறியது. ஒருநாள் பின்னேரம் சிங்கராசா வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார், காற்றைப் பற்றிப் பேசினார். மன்னிப்பு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. போகும்போதுதான், "திங்கக்கிழமை கந்தோருக்கு நீதான் போகவேணும், பிள்ளை," என்றார்.

"போறன்," என்றாள் செலீனா. "ஆனா அங்கயும் எனக்குச் சரியெண்டு படுறதைத்தான் சொல்லுவன்."

"அது தெரிஞ்சுதானே வந்தனான்," என்று சொல்லிவிட்டு அவர் வாசல் படலையைத் திறந்தார்.