ஜொவிட்டா டீச்சர் மாற்றிய உப்பு

கருவாடு என்ற சொல்லையே வீட்டுக்குள் உச்சரிக்கக் கூடாது என்று ஜொவிட்டா டீச்சர் சட்டம் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாந்தோமில், அதுவும் பட்டினப்பாக்கம் மீன் கடைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு சட்டம் போடத் தனித் தைரியம் வேண்டும். முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு அதில் குறைச்சலே இல்லை.

சட்டம் அவள் கணவர் விக்டருக்காக. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர், வயது அறுபத்தெட்டு. பதினாறு வருஷமாக பி.பி., பத்து வருஷமாகச் சர்க்கரை. போதாததற்குப் போன வருஷத்திலிருந்து சிறுநீரகமும் கொஞ்சம் மெத்தனமாக வேலை செய்கிறது. காலையில் நாலு மாத்திரை, ராத்திரி இரண்டு. மனுஷர் அத்தனையையும் விழுங்கிவிட்டு, "வாய்க்கு ருசியா எதுனா கீதா ஜொவி?" என்று கேட்பார். கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு மாதத்துக்கு முன் பி.பி. நூற்று எழுபதைத் தொட்டது. காலும் வீங்கிக்கொண்டது. அடையாறில் அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் உம்மே ஹானி, இருந்த மாத்திரைகளோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தார். உப்பைக் குறையுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். ஜொவிட்டா குறைப்பதோடு நிற்கிற ஆளா? தி. நகர் வரை போய், சோடியம் குறைந்த உப்பு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த பாக்கெட்டை ஆறாக அள்ளிக்கொண்டு வந்தாள். சாதா உப்பிலிருந்து சோடியத்தைக் கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தை வைத்திருப்பார்கள், இதற்கு அட்டையைப் படிக்க வேண்டுமா என்ன? பொட்டாசியம் பி.பி.யை இறக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் தினமும் காலையில் ஓர் இளநீரும் சேர்ந்துகொண்டது. டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. உப்பும் இளநீரும் மருந்தா, போய்ச் சொல்லிக்கொண்டிருக்க?

பி.பி. நூற்று முப்பதுக்கு இறங்கியது. புது மாத்திரையின் வேலை அது. ஆனால் பாராட்டை மாத்திரைக்குக் கொடுக்க ஜொவிட்டாவுக்கு மனசு வரவில்லை. "எல்லாம் சமையல்ல இருக்கு" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னாள். பெருமை பிடிபடவில்லை அவளுக்கு.

விக்டர் மட்டும் பத்து நாளாக, "கால் துவண்டு துவண்டு போவுது, மாடி ஏற முடியல" என்று முனகிக்கொண்டிருந்தார்.

"ஃபிரெட்ரிக் வீட்ல உக்காந்து கருவாடு தின்னா அப்படித்தான்."

ஃபிரெட்ரிக் கோயில் பாட்டுக் குழுவில் அவருடைய கூட்டாளி, தனிக்கட்டை, தானே சமைப்பவர். பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டு வரும் கணவரின் சட்டையில் நெத்திலி வாசம் வருவதை ஜொவிட்டா மூன்று தடவை பிடித்திருந்தாள். விக்டர் மூன்று தடவையும் மாதா மேல் ஆணையாக இல்லை என்றார். பொய்க்கு மாதாவை வேறு இழுக்கிறாரே என்று அவளுக்கு இரட்டைக் கோபம்.

வழக்கமான ரத்தப் பரிசோதனையின் முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் போனுக்கு வந்தது. சாம்பாருக்கு உப்புப் போட்ட கையைத் துடைத்துக்கொண்டு திறந்து பார்த்தாள். சர்க்கரை பரவாயில்லை. சிறுநீரகத்தின் மெத்தனத்தைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில், பொட்டாசியம் 5.9. ஐந்தைத் தாண்டக் கூடாது என்று பக்கத்திலேயே போட்டிருந்தது.

யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொட்டாசியம் அளவுக்கு மீறினால் கை கால் துவளும், இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பாள்! அப்போதெல்லாம் அது வெறும் பாடம். இப்போது அது அவள் கையாலேயே, அளந்து அளந்து, அறுபது நாளாக ஒரு மனுஷருக்குள் போயிருக்கிறது.

டாக்டரிடமிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, அங்கிள கூட்டிட்டு இப்பவே வாங்க. சாப்பிடற எல்லா மாத்திரையும் எடுத்துட்டு வாங்க. கஷாயம், பவுடர்னு வீட்ல வேற எது குடுத்தாலும் அதையும்."

ஜொவிட்டா மாத்திரை டப்பாவைப் பைக்குள் வைத்தாள். உப்புப் பாக்கெட்டையும் அடியில் திணித்தாள்.

ஆட்டோவில் விக்டர் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். "இந்த மாத்திரைங்கதான் கிட்னிய கெடுக்குதாம் ஜொவி. ஃபிரெட்ரிக் சொல்றான். எல்லாத்தயும் நிறுத்திடலாமா?"

"டாக்டர் சொல்லாம ஒண்ணையும் நிறுத்தக் கூடாது," என்றாள். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

போனதும் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தப் பத்து நிமிஷமும் ஜொவிட்டா வெளியே நாற்காலியில் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. இவரை எடுத்துக்கொள்ளாதே, இவரை எடுத்துக்கொள்ளாதே என்று மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இதயத் துடிப்பு நல்லா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் இருவரையும் உள்ளே உட்காரவைத்தார். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும், ஆனால் நிதானமான பெண். "ரத்தம் மறுபடி எடுத்து அனுப்பியிருக்கேன். அந்த ரிசல்ட் ஒரு மணி நேரத்துல வந்துடும். ஆனா இது ஏன் ஏறிச்சுன்னு தெரியணும். சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

ஜொவிட்டா வாயைத் திறப்பதற்குள் விக்டர் முந்திக்கொண்டார்.

"டாக்டர், தப்பு என் மேலதான். இவளுக்குத் தெரியாது. வாரத்துக்கு ரெண்டு தடவ ஃபிரெட்ரிக் வீட்ல கருவாடு சாப்பிடறேன். நெத்திலி. கத்திரிக்கா போட்டு வைப்பான். நடுவுல ஒருநாள் சுறாக் கருவாடு. இவ பாவம், மாங்கு மாங்குன்னு பாத்துப் பாத்து சமைக்கிறா, நான்தான் கெடுத்துக்கினேன்…"

டாக்டர் எழுதிக்கொண்டார். ஜொவிட்டா மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டாள். உண்மையைச் சொல்ல வேண்டும்தான். ஆனால் எதிரில் கணவர் பழியைத் தானாகத் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் போய் அந்தப் பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நினைத்தாள், இல்லை என்று சொல்ல முடியாது. விக்டர் வஞ்சிரக் கருவாட்டுக்கு வந்துவிட்டிருந்தார்.

டாக்டர் பேனாவை வைத்தார். "கருவாட்டால பி.பி. ஏறும் அங்கிள், காலும் வீங்கும். ஆனா பொட்டாசியம் இந்த அளவுக்கு ஏறாது. அப்போ கிட்னிதான் இன்னும் இறங்குதோ என்னவோ. மாத்திரைங்கள எல்லாம் மாத்தவேண்டியிருக்கும். கிட்னி டாக்டர் ஒருத்தரையும் பாத்துடுங்க."

விக்டரின் முகம் செத்துப்போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய அண்ணனை நினைத்துக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"கருவாடு இல்ல டாக்டர். நான்." பையின் அடியிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "ரெண்டு மாசமா எல்லாத்துலயும் இந்த உப்புதான். மோர்ல, ரசத்துல, எல்லாத்துலயும். தினம் ஒரு இளநீ வேற. நல்லதுன்னு நெனச்சேன். உங்ககிட்ட கேக்கல."

டாக்டர் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்பாடா," என்றார். "நல்லவேளை சொன்னீங்க ஆன்ட்டி."

திட்டு விழும் என்று நினைத்திருந்த ஜொவிட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பி.பி. மட்டும் இருக்கறவங்க பலபேருக்கு இந்த உப்பு நல்லதுதான். ஆனா அங்கிள் சாப்பிடற பி.பி. மாத்திரைல ஒண்ணும், நான் புதுசா குடுத்ததும், ரெண்டுமே பொட்டாசியத்த உடம்புலயே நிறுத்திவைக்கும். கிட்னியும் கொஞ்சம் மெதுவா இருக்கறதால வெளிய தள்ளறதும் கம்மி. அதுக்கு மேல நீங்க மேலயிருந்து ஊத்திக்கிட்டே இருந்தா? காரணம் இதுதான்னா சரி பண்ணிடலாம். புது மாத்திரைய மட்டும் அடுத்த டெஸ்ட் வரைக்கும் நிறுத்தறேன். மத்ததெல்லாம் அப்படியே போகட்டும், நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. சாதா உப்பே போடுங்க, ஆனா கம்மியா. இளநீ வேணாம். படபடப்போ மயக்கமோ வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடிடணும்." விக்டர் பக்கம் திரும்பினார். "கருவாட்டையும் நான் மறக்கல அங்கிள்."

மறுபரிசோதனையில் 5.8. வீட்டுக்குப் போகலாம், பொட்டாசியத்தை இறக்க ஒரு பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், நாளை மறுநாள் வர வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் ஜொவிட்டா தூங்கினாளா என்று கேட்டால் விக்டருக்குத்தான் தெரியும். அவர் மூச்சு சீராக வருகிறதா என்று அவள் எழுந்து எழுந்து பார்த்ததில் அவருக்கும் தூக்கம் போயிற்று.

வியாழக்கிழமை 4.7. கிரியாட்டினினும் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. டாக்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஜொவிட்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படியிறங்கி வெளியே வந்ததும் அவள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்துகொண்டே போனாள். விக்டர்தான் கையைப் பிடித்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அன்னிக்கு நீங்க பழிய உங்க மேல போட்டுக்கிட்டீங்க இல்ல… நான் சும்மா இருந்தேன். சொல்லாமலே வந்துடலாம்னு கூட நெனச்சேன்."

"எவ்ளோ நேரம்?"

"நீங்க வஞ்சிரத்துக்கு வர்ற வரைக்கும்."

விக்டர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பு என்னுதுன்னு நீ சொல்லி முப்பத்தெட்டு வருஷத்துல இப்பதான் கேக்கறேன் ஜொவி," என்றார். "அன்னிக்கு நீ வாயத் தெறந்தப்ப எனக்குக் கிட்னி, பொட்டாசியம் எல்லாம் மறந்துபோச்சு. இவளுக்கு நான் அவ்ளோ முக்கியமான்னு இருந்துச்சு."

இந்த மனுஷருக்கு இதுகூடவா இத்தனை வருஷமாகத் தெரியாது என்று அவளுக்குத் திக்கென்றது. அதட்டலையும் மாத்திரையையும் தவிர வேறெதையாவது அவருக்கு வாய்விட்டுக் கொடுத்திருக்கிறாளா என்று யோசித்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"நீங்க இருக்கணும்," என்றாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர்களுடைய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசிலை ஊதினார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.